மறுமொழி: ‘மோட்’ – நிலையா, மிதியா, மடையா?

அனைவருக்கும் வணக்கம்.

விம் (Vim) என்ற உரைத்திருத்தியின், அதாவது கணினியில் உரையை எழுதித் திருத்தும் மென்பொருளின், உதவிக்குறிப்புகளைத் தமிழாக்கும்போது ‘மோட்’ (mode) வரும் இடத்திலெல்லாம் ‘நிலை’ என்றே போட்டுவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். தட்டும் விசை எழுத்தாக விழுமா, கட்டளையாக வேலை செய்யுமா என்பதைத் தீர்மானிப்பதுதான் ‘மோட்’. எனக்கு உடன்பாடில்லை. ‘ஸ்டேட்’டுக்கும் நிலை, ‘ஸ்டேட்டஸ்’ஸுக்கும் நிலை, இதையும் அதன் தலையில் ஏற்றினால் நாமே குழம்புவோம். அதோடு, இந்த உரைத்திருத்தி இத்தனை காலம் நிற்பதற்கே ‘மோட்’தான் காரணம். அதற்கு ஏனோதானோவென்று ஒரு சொல் போதாது.

1976-ல் பில் ஜாய் விம்முக்கு முன்னோடியான விஐ (vi) உரைத்திருத்தியை எழுதியபோது வீட்டில் அவரிடம் இருந்தது 300 பாட் (baud) வேக மோடம். நொடிக்குச் சுமார் 30 எழுத்துதான் திரைக்கு வரும். அவருடைய ஏடிஎம்-3ஏ முனையத்தில் தனி அம்பு விசைகள் கிடையாது; எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். எழுத்து விசைகளே கட்டளைகளாகவும் வேலை செய்தன. எழுதும்போது ‘டி’ வெறும் ஓர் எழுத்து. எஸ்கேப்பைத் தட்டிவிட்டால் அதே டி, ‘நீக்கு’ என்கிற வினை. டபிள்யூ சேர்த்தால் ஒரு சொல் போகும்; இடையில் 3 போட்டால் மூன்று சொல். மனப்பாடம் செய்வதைவிட வாக்கியம் கோப்பதுபோலத்தான் இருக்கும். 1991-ல் பிராம் மூலெனார் விம்மை வெளியிட்டபோதும் இந்த இலக்கணத்தில் கை வைக்கவில்லை.

போன வாரம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சர்வரை ஃபோன் இணைப்பு வழியாகத் திருத்த வேண்டியிருந்தது. சிக்னல் விட்டுவிட்டு வந்தது. தட்டிய எழுத்து அரை நொடி கழித்துத்தான் திரையில் விழுந்தது. சி (மாற்று), ஐ (உள்ளே), மேற்கோள்குறி: மூன்றே தட்டு. மேற்கோளுக்குள் இருந்த பழைய முகவரி முழுதும் போய், புதியதற்கு இடம் தயாராக இருந்தது. அந்த 300 பாட் காலத்துச் சிக்கனம் இன்றைக்கும் சோறு போடுகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். சென்னிமலை நண்பர் தறியிலிருந்து ‘மிதி’யை எடுத்துத் தந்தார். அழகான சொல், இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் காலை எடுத்தால் மிதி மேலே வந்துவிடும். ஷிஃப்ட் விசைக்கு அது கச்சிதம். ‘மோட்’ அப்படியல்ல, நாம் மாற்றும்வரை மாறாது.

கோபிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மஞ்சளுக்குத் தண்ணி கட்டும்போது அப்பா, “மடை மாத்தீட்டு வந்தர்றேன்” என்று மண்வெட்டியோடு எழுந்து போவார். நிரம்பிய பாத்தியின் வாயில் ஒரு கொத்து மண்ணைப் போட்டு அடைப்பார், அடுத்த பாத்தியின் வாயைத் திறப்பார். மோட்டார் நிற்காது. அதே தண்ணீர், போய்ச் சேரும் இடம் வேறு. நம் விரல்களிலிருந்து வருவதும் அதே விசைகள்தானே?

பத்திரிகைகளில் ‘மடைமாற்றம்’ என்றால் கவனத்தைத் திசைதிருப்புவது என்ற பொருளும் வந்துவிட்டது, தெரியும். ‘மடை’ என்று பெயர்ச்சொல்லாக வைத்தால் அந்த வாடை அடிக்காது. விசைகள் கட்டளைகளாக வேலை செய்யும் நார்மல் மோடுக்கு ‘வினை மடை’, எழுத்தாக விழும் இன்சர்ட்டுக்கு ‘எழுத்து மடை’, உரையில் ஒரு பகுதியைத் தெரிவு செய்யும் விஷுவலுக்குத் ‘தெரிவு மடை’. முக்காற்புள்ளி போட்டுக் கட்டளை எழுதுவது தனி என்பதால் ‘கட்டளை மடை’யை அதற்கே விட்டுவிடலாம்.

உதவிக்குறிப்பின் முதல் வரியை மாற்றிப் பார்த்தேன்: “எழுத்து மடையிலிருந்து வினை மடைக்கு மாற எஸ்கேப் விசையைத் தட்டவும்.” வாய்விட்டு வாசித்துவிட்டு, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.