சீன மருத்துவர் கொடுத்த பொடி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். முட்டிவலிக்காக அம்மா பக்கத்து புளோக்கில் இருக்கும் பாரம்பரியச் சீன மருத்துவரிடம் போய்வந்தார். பழுப்புப் பொடி, 14 சின்னப் பொட்டலங்கள், மேலே சீன எழுத்து மட்டும். அம்மா இதயத்துக்காக வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர். சீன மருந்துகளில் சேர்க்கும் டாங்குயி வேர் இந்தப் பொடியில் இருந்தால், வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தக்கசிவு வரலாம். பயந்துபோய்ப் பொடியை நிறுத்திவிட்டேன்.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர்கள் பாரம்பரியச் சீன மருத்துவர்களுக்கான வாரியத்தில் பதிந்து, தொழில் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். இணையப் பதிவேட்டில் தேடினேன், அவர் பெயர் இருக்கிறது. சரி, அப்புறம்? என்னென்ன மூலிகை என்று கேட்டால் எழுதித் தரும் கடமை அவருக்கு உண்டா? மறுத்தால் வாரியத்தில் எப்படிப் புகார் கொடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை, அதற்குள் தெரிந்தால் நல்லது.