ஆயில் வடிக்கும்போது அம்மோனியா சீறுகிறது

கேள்வி: இறால் ஆலை, அம்மோனியா குளிரூட்டும் பிளான்ட். லோ பிரஷர் ரிசீவரில் (குறைந்த அழுத்தத்தில் திரவ அம்மோனியா நிற்கும் தொட்டி) கம்ப்ரசர் ஆயில் வடிக்கையில் கடைசியில் கேஸ் சீறுகிறது. வால்வை எப்போது மூடுவது?

பதில் 1: ரிசீவரிலிருந்து நேரே வடிக்கவே கூடாது சார். ஆயில் கனம், அடியில் தங்கும். அதை ‘ஆயில் பாட்’ (oil pot) எனும் சிறு கலத்துக்குள் இறக்கி, ரிசீவர் வால்வை மூடி, பாட்டின் சக்‌ஷன் லைனை (கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் குழாய்) மட்டும் திறந்து வையுங்கள். பாட்டின் வெளியே படிந்த உறைபனி உருகும்வரை உள்ளே திரவ அம்மோனியா இருக்கிறது. உருகியபின் சக்‌ஷனை மூடி வடியுங்கள். -40 டிகிரி பிளான்ட் என்றால் சக்‌ஷன் வேக்குவத்தில் இருக்கும். மூட மறந்தால் காற்று உள்ளே போகும்.

பதில் 2: கையெடுத்தால் மூடும் ஸ்பிரிங் வால்வு கட்டாயம். அதைக் கம்பியால் கட்டி வைக்கிறார்கள், கொடுமை! இருவர் நிற்கணும். தரையில் தேங்கிய திரவத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், கொதித்துப் புகை கூடும்.

கேள்வி: கேனிஸ்டர் மாஸ்க் (காற்றை வடிகட்டும் முகமூடி) போதுமா?

பதில் 1: காற்றில் அம்மோனியா 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) தாண்டினால் போதாது, மூச்சுக்காற்று சிலிண்டர் செட்தான்.