பவளத்துக்கு ஒன்றுமில்லை, மீன் மட்டும் சாகிறது: உங்கள் தொட்டியில் என்ன நடந்தது?

மடிப்பாக்கத்திலிருந்து:

அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், உப்பு 35, வெப்பம் 26. டெஸ்ட் கிட்டில் எல்லாம் சரி, ஆனாலும் மீன் சாகிறது. ரீஃப் டேங்க் (பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். தண்ணீர் அளவுகளோடு நிறுத்திவிடாதீர்கள். முதலில் செத்தது எது, எந்த நேரத்தில் செத்தது, கடைசிவரை ஒன்றும் ஆகாமல் இருந்தது எது என்பதையும் எழுதுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

எங்களுடையது நாலடித் தொட்டி. கல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அவற்றை வைக்கவில்லை. காளான் பவளமும் ஜோயான்தஸும்தான். மீன்களில் க்ளவுன் ஒரு ஜோடி, யெல்லோ டேங் என்ற மஞ்சள் மீன் ஒன்று, ஃபயர்ஃபிஷ், சில க்ரோமிஸ், கூடவே ஒரு கிளீனர் ஷ்ரிம்ப். பல மாதமாகப் புது மீன் எதுவும் விடவில்லை. பாசி தின்னும் நத்தைகள் மட்டும் புதிதாக வந்தன.

நத்தை வந்த வாரமே டேங் தீனிக்கு வருவதை நிறுத்தியது. வேவ்மேக்கர் தள்ளும் நீரோட்டத்துக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டது. விளக்கு எரிந்தால் கல்லுக்குப் பின்னால் ஒளியும். செவுள் மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. மறுநாள் ஃபயர்ஃபிஷ் போயிற்று, பிறகு க்ரோமிஸ் ஒவ்வொன்றாக. ஷ்ரிம்ப் வழக்கம்போலக் கல் மேல் உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. பவளம் முழுதாக விரிந்திருந்தது.

தண்ணீரில் செம்போ வேறு நஞ்சோ கலந்திருந்தால், உப்பு ஏறி இறங்கியிருந்தால், முதலில் துவளுவது ஷ்ரிம்பும் நத்தையும். அவை தெம்பாக இருக்க, மீன் மட்டும் சரிந்தால் ஒன்று ஒட்டுண்ணி, இல்லையென்றால் மூச்சுத் திணறல். இதை வைத்துத்தான் தேடலைச் சுருக்கினோம்.

ஒரு க்ரோமிஸ் கண்ணெதிரே அடங்கியது. உடனே செவுள் மூடியைத் தூக்கி இழையில் சின்னத் துண்டு வெட்டி, மீன்வளக் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் நுண்ணோக்கியில் வைத்தோம். இழை நெடுக பழுப்பு நிறத்தில் பேரிக்காய் வடிவ உருண்டைகள் ஒட்டியிருந்தன. அமிலூடினியம், நாம் வெல்வெட் என்று சொல்வது. இரவெல்லாம் செத்துக் கிடந்த மீனில் இதைத் தேடிப் பயனில்லை. உயிர் போனதும் ஒட்டுண்ணி இடத்தைக் காலி செய்துவிடும்.

வெல்வெட் வந்தால் உடம்பில் தூள் படிந்த மாதிரி தெரியும் என்று எல்லாரும் படித்திருப்போம். அப்படித் தெரிவதற்கு முன்பே அது செவுளை முடித்துவிடுகிறது. மீனில் ஒட்டித் தின்று கொழுத்தபின் உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ நத்தை ஓட்டிலோ கூடாக ஒட்டிக்கொள்ளும். ஒரு கூடு பிரிந்து பிரிந்து 256 வரை நீந்தும் வித்துகளை வெளியே விடும். வைட் ஸ்பாட் (வெள்ளைப் புள்ளி விழும் இன்னொரு ஒட்டுண்ணி நோய்) என்று எண்ணி உப்பைக் குறைத்து நாளைக் கடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.009க்கு இறக்கி வைத்திருந்தால் வைட் ஸ்பாட் ஒழியும். வெல்வெட் ஒழியாது.

மிச்ச மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் காப்பர், அதாவது செம்பு மருந்து, கொடுத்தோம். பெரிய தொட்டியில் காப்பர் ஊற்றவே கூடாது. கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும், ஷ்ரிம்பும் நத்தையும் பிழைக்காது. பெரிய தொட்டியை மீனே இல்லாமல் காலியாக விட வேண்டும். வெல்வெட்டுக்கு 6 வாரம் விடுவது வழக்கம், வைட் ஸ்பாட்டும் சேர்ந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் 76 நாள். நாங்கள் 76 நாள் விட்டோம். க்ளவுன் ஜோடி தேறிவிட்டது. டேங் தேறவில்லை. என் மகள் கையிலிருந்து நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்) வாங்கித் தின்னும் மீன் அது. இன்னொரு டேங் வாங்க இன்னும் எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது நத்தை, பவளத் துண்டு, பாசி, ஈரமாக எது வந்தாலும் மீன் இல்லாத தனித் தொட்டியில் அதே 76 நாள் இருந்துவிட்டுத்தான் உள்ளே போகிறது.

கோயம்புத்தூரிலிருந்து:

மேடம், எங்க வீட்டுலயும் பவளம், ஷ்ரிம்ப் எல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஆனா அது நோய் இல்லீங்க. எங்களுக்கு வழி காட்டுனது நேரம்தான். எல்லாச் சாவும் விடியக்காலம். பகல்ல நல்லா தீனி எடுக்கும், சுத்தும். காலைல எந்திரிச்சுப் பார்த்தா இருக்கறதுலயே பெரிய மீனா ஒண்ணு போயிருக்கும். சின்ன டேம்சல் எல்லாம் தப்பிச்சுக்கும்.

விளக்கு எரியற வரைக்கும் பாசியும், பவளத்துக்குள்ள இருக்கற பாசியும் ஆக்சிஜன் விடுதுங்க. அணைஞ்சப்புறம் தொட்டில இருக்கற அத்தனையும் எடுக்க மட்டும்தான் செய்யும், விடறதுக்கு யாரும் இல்லை. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ரொம்பக் குறைவா இருக்கும். அது போக, கடல் தண்ணி 30 டிகிரில லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலதான் ஆக்சிஜன் பிடிக்கும். அதே சூட்டுல நல்ல தண்ணின்னா ஏழரை வரைக்கும் பிடிக்கும். ஏப்ரல், மே மாசத்துல நமக்குக் கையிருப்பே கம்மிங்க.

என் மச்சான் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணை வெச்சிருக்காரு. அவரோட ஆக்சிஜன் மீட்டரை வாங்கிட்டு வந்து ராத்திரி முழிச்சு அளந்தோம். படுக்கப் போறப்ப அஞ்சுக்கு மேல காட்டுனது, விடியக்காலம் நாலு மணிக்கு மூணுக்குக் கீழ. அதுக்கப்புறம் ஒவ்வொரு சாமானா கழட்டிப் பார்த்தோம். ஸ்கிம்மர் (காத்துக் குமிழால அழுக்கைப் பிரிக்கற சாமான்) ஓடற சத்தம் கேட்டுட்டேதான் இருந்துச்சு, ஆனா காத்து இழுக்கற குழாய் வாயில உப்பு கட்டி அடைச்சிருந்துச்சு. தண்ணி மட்டும் சுத்திட்டு இருந்திருக்குங்க, காத்து உள்ளயே போகலை. சுடுதண்ணில அந்த வாயை ஊற வெச்சுக் கழுவி, வேவ்மேக்கரை மேல்மட்டம் கலங்கற மாதிரி திருப்பி வெச்சோம். அதோட நின்னுடுச்சு. டெஸ்ட் கிட் எதுலயும் இது தெரியாதுங்க. யாராவது விடியக்காலச் சாவுன்னு சொன்னா முதல்ல ஸ்கிம்மர் குழாயைப் பாருங்க.

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா சொன்ன வரிசை எங்களுக்குத் தலைகீழ். முதலில் ஷ்ரிம்ப் மல்லாந்தது, சந்நியாசி நண்டுகள் ஓட்டை விட்டு வெளியே வந்து கிடந்தன. அடுத்த நாள் மீன்கள் சாய்ந்து சாய்ந்து நீந்தின, சுவரில் முட்டின. பவளத்துக்கு ஒன்றும் இல்லை. செம்பு என்று முடிவு கட்டி டெஸ்ட் செய்தால் செம்பு சுத்தமாக இல்லை.

ஏர் பம்ப் இருந்த பலகைக்குக் கீழே உள்ள பிளக்கில் கொசு விரட்டித் திரவம் மாட்டியிருந்தது. மழைக்காலம், கொசு அதிகம், ராத்திரி முழுக்க எரியும். அந்தத் திரவங்களில் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. மனிதருக்கு அவ்வளவாகப் பாதிப்பு தெரியாது. இறால், நண்டு இனத்துக்கும் மீனுக்கும் மிகச் சிறிய அளவே கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. ஸ்கிம்மரும் அதைத்தான் செய்கிறது. தெருவில் கொசுப் புகை அடிக்கும்போதும், வீட்டில் கரப்பான் மருந்து அடிக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையைத் தொட்டியில் விட்டாலும் அப்படித்தான்.

புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டோம், பாதிக்குப் பாதி தண்ணீர் மாற்றினோம். பம்பின் காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக மாடிப்பக்கம் கொண்டுபோய்விட்டோம். மருந்து எரிந்த அறையில் இப்போது கொசுவலைதான்.

சிங்கப்பூரிலிருந்து:

எங்களுக்கு நாள்காட்டி பார்த்துத்தான் பிடிபட்டது. எந்த மீன் செத்தாலும் அது தண்ணீர் மாற்றியதற்கு அடுத்த ஓரிரு நாளில் இருந்தது. ஆர்.ஓ. தண்ணீர்தான், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரும் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டியது. அதனால் தண்ணீர் மேல் சந்தேகமே வரவில்லை.

இங்கே குழாய் நீரில் குளோரின் இல்லை, குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது). குளோரினைக் கார்பன் சுலபமாகப் பிடித்துவிடும். குளோரமினுக்குக் கார்பன் புதிதாக இருக்க வேண்டும், தண்ணீரும் மெதுவாக ஓட வேண்டும். பழைய கார்பனைக் கடந்துவருவதை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது. மொத்தக் குளோரின் பார்க்கும் பட்டையை நனைத்தபோதுதான் நிறம் மாறியது. இரண்டு கார்பன் வடிகட்டி அடுத்தடுத்து வைத்துவிட்டோம், மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசினையும் மாற்றினோம். சென்னையிலோ கோவையிலோ உள்ளவர்கள் உங்கள் குழாயில் எது வருகிறது என்று அந்தப் பட்டையாலேயே பார்த்துக்கொள்ளலாம், விலை அதிகமில்லை.

திருச்சியிலிருந்து:

ஒரே ஒரு மீன் மட்டும், அதுவும் வாரக்கணக்கில் மெலிந்து போனால் நோயைத் தேடும் முன் பசியைப் பாருங்கள். எங்கள் மாண்டரின் மீன் அப்படித்தான் போனது. கல்லில் வாழும் கோப்பிபாட் பூச்சிதான் அதற்கு உணவு, போடும் தீனியைப் பெரும்பாலும் தொடாது. சிறு தொட்டியில் அந்தப் பூச்சி சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டியிருப்பது தெரியும்.

பெரம்பூரிலிருந்து:

அக்கா, உங்கள் பதிவைப் பார்த்ததும் நுண்ணோக்கி தேடிப்போய்ப் பார்த்தோம், எங்களுக்கும் வெல்வெட்தான். இரண்டு க்ளவுன், ஒரு கோபி தனித் தொட்டியில் இருக்கின்றன. செலேட்டட் காப்பர் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த செம்பு) போட்டாயிற்று. இப்போது அமோனியா ஏறுகிறது. கடையில் அமோனியா நீக்கி தருகிறேன் என்கிறார்கள். ஊற்றலாமா? ரொம்பப் பயமாக இருக்கிறது.

மடிப்பாக்கத்திலிருந்து:

ஊற்ற வேண்டாம் தம்பி. அந்த நீக்கிகளில் பல, செம்பின் தன்மையை மாற்றி மீனுக்கு இன்னும் கொடியதாக்கிவிடும். தண்ணீர் மாற்றுவதுதான் வழி. புதுத் தண்ணீரில் முதலிலேயே அதே அளவு காப்பர் கலந்துவிட்டு ஊற்றுங்கள், நடுவில் அளவு இறங்கக்கூடாது. காப்பர் கொல்வது நீந்தும் வித்துகளை மட்டும். கூட்டுக்குள் இருப்பதும் மீனில் ஒட்டியிருப்பதும் வெளிவரும் நேரத்தில் தண்ணீரில் காப்பர் இருந்தாக வேண்டும். செலேட்டட் என்றால் 2 முதல் 2.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), 30 நாள். கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள். கல், மணல் எதுவும் வேண்டாம், ஒளிய பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். ஏர் ஸ்டோன் இரண்டு ஓடட்டும். பெரிய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்சையும் அதில் போட்டுவையுங்கள், அமோனியாவை அது கொஞ்சம் தாங்கும். ஆனால் காப்பர் பட்டபின் அதைத் திரும்பப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கோபிக்கு நிமிடத்துக்கு எத்தனை தடவை செவுள் அடிக்கிறது என்று இப்போது எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை விளக்குப் போடும் முன் மறுபடி எண்ணி, இரண்டையும் அமோனியா அளவோடு சேர்த்து இங்கே எழுதுங்கள்.