எந்தக் களு கங்கை? ஒரே பெயரில் ஓடும் ஆறுகள்: உங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

இலங்கையில் களு கங்கை இரண்டு. கொழும்பில் இருக்கும் நமக்குப் பழக்கமானது சிவனொளிபாதமலைப் பக்கம் தோன்றி, இரத்தினபுரி வழியாக இறங்கி, களுத்துறையில் கடலைச் சேர்வது. காலி வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் களுத்துறைப் பாலத்தில் கடப்பது அதைத்தான். மற்றது நக்கிள்ஸ் மலைத்தொடரில் பிறந்து, மாத்தளை மாவட்டத்தில் லக்கல பக்கமாக ஓடி, அம்பன் கங்கையோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. அந்த நீர் கடைசியில் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் விழுகிறது.

ஒரு தை மாத இரவில், களு கங்கை நீர்த்தேக்கம் வான்பாய்கிறது என்று வானொலியில் செய்தி வந்தது. களுத்துறையில் ஆற்றோரம் இருக்கும் என் பெரியம்மா 2017 மே வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டுத்தான் எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

"பெரியம்மா, அது மாத்தளையில் இருக்கிறது. உங்கள் ஆற்றை மறித்து அப்படிப் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் கட்டவில்லை" என்றேன்.

"அப்படியானால் மாவட்டத்தையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டார். முற்றிலும் நியாயமான கேள்வி. தனியாக இருக்கும் ஒரு முதிய பெண்ணை அந்த ஒரு சொல் இரவு முழுக்க விழித்திருக்க வைத்தது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. நீரைத் தேக்கி வைக்க வழியில்லாததால்தான் நம் பக்கத்துக் களு கங்கை ஆபத்தானது. தென்மேற்குப் பருவமழை இரத்தினபுரி மலைகளில் கொட்டினால் அது நேரே கீழே வருகிறது. 2003 மே மாதத்திலும் அப்படித்தான் வந்தது. ஆகவே களுத்துறைக்காரர்கள் வான்பாயும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அறிக்கையில் இரத்தினபுரி, எல்லகாவ, புட்டுபாவுல ஆகிய பெயர்களைத் தேடுங்கள். லக்கல, மொரகஹகந்த என்று இருந்தால் அது மாத்தளைச் செய்தி.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, உங்கள் பெரியம்மாவின் கேள்வியை நானும் வழிமொழிகிறேன். எனக்கு இது தமிழ்நாட்டில் நடந்தது. அம்மாவின் சிகிச்சைக்காக வேலூரில் தங்கியிருந்தபோது தினமும் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தோம். கீழே கரைக்குக் கரை மணல். நடுவில் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடந்தது. அம்மா தேறியதும் நேர்த்திக்கடன் தீர்க்கப் பழனிக்குப் போனோம். அங்கே ஓட்டுநர், "பாலாறு அணையில் தண்ணீர் நிறைய இருக்கிறது" என்றார். அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி, வேலூர்க்காரர்களுக்கு இனித் தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்று!

வேலூர்ப் பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியிலிருந்து வந்து, கல்பாக்கம் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. பழனிப் பாலாறு கொடைக்கானல் மலைகளிலிருந்து இறங்குவது. சண்முக நதி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. இவை போதாதென்று மூன்றாவது பாலாறும் உண்டு: கர்நாடக எல்லைக் காடுகளில் ஓடி, மேட்டூருக்கு மேலே காவிரியில் கலப்பது.