கரண்ட் போய் வந்தால் கேமராவில் 1970, கையால் திருத்தினாலும் விடிந்தால் இரண்டரை மணி நேரம் கூடிவிடுகிறது – உதவி வேண்டும்

கீழத்தெரு:
வணக்கம். காரைக்குடி பக்கம் வீட்டில் அப்பா அம்மா இருவர் மட்டும், நான் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் ஒரு என்விஆர் (கேமராப் படங்களைப் பதிந்துவைக்கும் பெட்டி) இருக்கிறது. அதன் பின்பக்கத்திலேயே கேபிள் சொருகிய கேமராக்கள் மூன்று: முற்றம், பின்கட்டு, மாடிப்படி. வாசல் கேட்டுக்கு வைஃபையில் ஓடும் கேமரா ஒன்றை அப்புறமாக வாங்கி அதே என்விஆரில் சேர்த்தோம். படமெல்லாம் நன்றாகத்தான் வருகிறது, தகராறு முழுக்க நேரத்தில்.

கரண்ட் போய் வந்தால் என்விஆரும் அந்த மூன்று கேமராவும் 01-01-1970, 05:30 என்று ஆரம்பித்து ஓடும். கேட் கேமராவிலும் அதே 1970தான், ஆனால் 08:00. கொஞ்ச நேரத்தில் கேட் கேமரா தானாக இன்றைய தேதிக்கு வந்துவிடும், ஆனால் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். மற்ற மூன்றும் சில சமயம் மறுநாள் வரை 1970லேயே கிடக்கும். கேட் கேமராவில் கையால் நேரத்தைத் திருத்தினால் அன்றைக்குச் சரியாக இருக்கிறது, விடிந்து பார்த்தால் பழையபடி. பொருத்திக் கொடுத்தவரைக் கேட்டால் "கேமராவையே மாத்திடலாம் சார்" என்கிறார்.

இப்போது அவசரம் என்னவென்றால், எதிர்வீட்டு வண்டி ஒன்று ராத்திரியில் காணாமல் போய்விட்டது. ஸ்டேஷனிலிருந்து வந்து எங்கள் கேட் கேமரா பதிவைக் கேட்கிறார்கள். என்விஆரில் 1:20 என்று தேடி எடுத்தால் படத்தின் மேல் 3:50 என்று எழுதியிருக்கிறது. "எதுப்பா சரியான டைம்?" என்று கேட்டால் அப்பா என்ன சொல்வார்?

திண்ணைவாசி:
சிங்கப்பூர் நேரமே நம்மைவிட இரண்டரை மணி முன்னால்தானே. நீங்கள் அங்கிருந்து உள்ளே போய் 'கம்ப்யூட்டர் நேரத்தோடு ஒத்துப்போ' என்ற பெட்டியை டிக் பண்ணிவிட்டீர்களோ? அதைத் தட்டினால் உங்கள் லேப்டாப் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் மணியைக் கேமரா எடுத்துக்கொள்ளும். துபாயில் இருப்பவர்கள் வீடுகளில் இதே கூத்து தலைகீழாக நடக்கும், ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும்.

கீழத்தெரு:
இல்லை அண்ணே, நானும் முதலில் அதைத்தான் யோசித்தேன். மாட்டிய அன்றே பக்கத்து வீட்டுப் பையன் இங்கே காரைக்குடியிலேயே லேப்டாப்பை வைத்துத் திருத்தினான், மறுநாள் காலையில் அதுவும் ஓடிப்போய்விட்டது. நான் ஆப்பில் பார்க்க மட்டும்தான் செய்கிறேன், செட்டிங்ஸைத் தொட்டதில்லை.

வயர்மேன்:
தம்பி, கேள்விக்குள்ளேயே விடையை எழுதிவிட்டீர்கள். அந்த 05:30ஐயும் 08:00ஐயும் பாருங்கள்.

இந்தப் பெட்டிகளுக்குள் ஊர் நேரம் என்று எதுவும் கிடையாது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற ஒரே கணக்குதான் உள்ளே ஓடும். திரையில் காட்டும்போது அதோடு டைம் ஸோனைக் கூட்டிக் காட்டும். கரண்ட் போய் அந்தக் கணக்கு அழிந்து பூஜ்யத்துக்கு வந்தால் திரையில் மிஞ்சுவது டைம் ஸோன் மட்டும். என்விஆரில் காலை 5:30 என்றால் இந்திய ஸோன் சரியாக வைத்திருக்கிறது. கேட் கேமராவில் 8:00 என்றால் அது ஃபேக்டரியிலிருந்து வந்த +8 பெய்ஜிங் ஸோனிலேயே நிற்கிறது, யாரும் மாற்றவில்லை.

கையால் திருத்தியது ஏன் நிற்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. ஸோன் +8ஆக இருக்கும்போது நீங்கள் இந்திய மணியை அடித்தால் திரை சரியாகத் தெரியும், ஆனால் உள்கணக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் போய்விடும். ராத்திரி என்டிபி சர்வர் (இன்டர்நெட்டில் மணி சொல்லும் கம்ப்யூட்டர்) சரியான கிரீன்விச் நேரத்தைக் கொடுக்கும். அது ஸோனைக் கொடுப்பதில்லை, நேரத்தை மட்டும்தான். உள்கணக்கு சரியாகும், கேமரா அதோடு எட்டைக் கூட்டும், திரை இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். ஆக உங்கள் என்டிபி ஒழுங்காக வேலை செய்கிறது, அதனால்தான் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது. கேமராவை மாற்றினாலும் புதுசும் +8ஓடு வரலாம்.

செய்ய வேண்டியது: கேட் கேமராவின் சொந்தப் பக்கத்துக்குள் போங்கள் (என்விஆர் மெனுவில் இல்லை, கேமராவின் ஐபியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்ணை, பிரவுசரில் அடித்து). முதலில் டைம் ஸோனை மாற்றி சேவ் பண்ணுங்கள், பட்டியலில் +05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று இருக்கும். கோடைகால நேரம் என்ற டிஎஸ்டி பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். நேரத்தை மட்டும் கையால் தொடாதீர்கள், என்டிபியைச் சோதிக்கும் பட்டனை அமுக்கிவிட்டுத் திரையைப் பாருங்கள்.

கோர்ட்டுவாசல்:
திருத்தப் போகும் முன் ஒரு நிமிடம்! பதிவை ஸ்டேஷனுக்கு இன்னும் கொடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள். ஏற்கெனவே பதிந்த படத்தின் மேல் இருக்கும் 3:50 இனி எப்படியும் மாறாது, அது படத்தோடு படமாகப் பதிந்துபோனது. ஆனால் கேமரா தப்பாக ஓடுகிறது என்பதற்கான ஆதாரம் நீங்கள் திருத்திய நிமிடமே போய்விடும்.

அப்பாவிடம் சொல்லி, நேரம் காட்டும் போனை கேட் கேமராவின் முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். போன் மணியும் கேமரா மணியும் ஒரே படத்தில் வரும், அந்தத் துண்டையும் சேர்த்து எடுத்துவைத்தால் இரண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு அதுவே சாட்சி. சம்பவப் பதிவை எம்பி4 ஆக மட்டும் எடுக்காமல் என்விஆரின் சொந்த ஃபார்மட்டிலும் ஒரு காப்பி எடுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழையது தானாக அழியும், தாமதிக்க வேண்டாம்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். முன்பு சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63(4). படிவத்தில் இரண்டு பாகம், ஒன்று பதிவைக் கொடுப்பவர் நிரப்புவது, இன்னொன்று நிபுணர் நிரப்புவது, ஃபைலின் ஹாஷ் எண்ணையும் (ஃபைலின் கைரேகை மாதிரி, ஃபைல் மாறினால் அதுவும் மாறிவிடும்) எழுத வேண்டும். எழுதிக் கொடுக்கும் காகிதத்தில் "கேட் கேமரா அன்று இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் ஓடியது, என்விஆர் நேரம் சரியாக இருந்தது" என்று ஒரு வரி நேராகப் போட்டுவிட்டால் ஸ்டேஷனில் அப்பாவிடம் குறுக்குக் கேள்வி குறையும்.

நெட்வொர்க்_பையன்:
வயர்மேன் சொன்னது கேட் கேமராவுக்கு. மற்ற மூன்றும் மறுநாள் வரை 1970ல் கிடப்பது வேறு கதை. என்விஆரின் பின்பக்க போர்ட்டில் சொருகிய கேமராக்கள் என்விஆர் உள்ளே வைத்திருக்கும் தனி நெட்வொர்க்கில் இருக்கும், இன்டர்நெட்டே அவற்றுக்குத் தெரியாது. என்விஆர் என்ன மணி சொல்கிறதோ அதுதான் அவற்றுக்கு மணி. ஆகவே அந்த மூன்றுக்குள்ளும் தனித்தனியாக நுழைந்து என்டிபி போடுவது வீண் வேலை.

கரண்ட் வந்ததும் என்விஆர் சீக்கிரம் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் லைன் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். என்விஆர் எழுந்தவுடன் நேரம் கேட்டுப் பார்க்கும், பதில் வராது, அடுத்து எப்போது கேட்கும் என்று செட்டிங்கில் போய்ப் பாருங்கள். 1440 என்று இருந்தால் அது நிமிடக் கணக்கு, அதாவது ஒரு முழு நாள். 60 என்று மாற்றுங்கள். சர்வர் பெயர் இன்.பூல்.என்டிபி.ஆர்க் போடலாம், இந்தியாவில் இருக்கும் சர்வர்களாகப் பார்த்துக் கொடுக்கும்.

ஐபியைக் கையால் நிரந்தரமாகப் போட்டிருந்தால் டிஎன்எஸ் (சர்வர் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது) பெட்டி காலியாக இருக்கிறதா பாருங்கள். உள்ளூரில் படம் ஓடுவதற்கு டிஎன்எஸ் தேவையில்லை, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் என்டிபி சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அது வேண்டும். அதையும் தாண்டி வரவில்லை என்றால் ரவுட்டரில் யுடிபி 123 (என்டிபி போய்வரும் வழி) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

திண்ணைவாசி:
அப்படியானால் கரண்ட் வந்த பிறகும் ரொம்ப நேரம் ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று காட்டுவதும் இதனால்தானா? எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

நெட்வொர்க்_பையன்:
பல சமயம் ஆமாம். கம்பெனி சர்வரோடு பேசும்போது பாதுகாப்புச் சான்றிதழின் தேதியைப் பெட்டி சரிபார்க்கும். 1970ல் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, இணைப்பை உதறிவிடும்.

யாழ்ப்பாணத்தான்:
வேறொரு விஷயம், எங்கட பக்கத்து ஆட்களுக்கு உதவும். இலங்கையில் பட்டியலில் 'ஸ்ரீ ஜெயவர்தனபுர' என்று இருக்கும். பழைய டிவிஆர் பதிவுப் பெட்டி சிலதில் அது இன்னும் +06:00 என்றே கிடக்குது, 1996ல் நேரத்தை முன்னுக்குத் தள்ளினதன் மிச்சம். 2006 ஏப்ரலில் திரும்ப +5:30க்கு வந்தாயிற்று, பெட்டிக்கு அது தெரியாது. அரை மணி நேரம் முன்னுக்கு ஓடினால் யோசிக்காமல் சென்னை, கொல்கத்தா வரியை எடுங்கோ, மணி ஒன்றுதான்.

கீழத்தெரு:
எல்லோருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன். கோர்ட்டுவாசல் சொன்னபடி அப்பா போனைப் பிடித்த பதிவையும் சம்பவப் பதிவையும் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தாயிற்று, வித்தியாசத்தையும் எழுதி அப்பா கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷனில் வேறு எதுவும் கேட்கவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டுப் பையனை வைத்து கேட் கேமராவுக்குள் போனால், நீங்கள் சொன்ன மாதிரியே பெய்ஜிங்! மாற்றியாயிற்று, ராத்திரி தாண்டியும் மணி சரியாக நிற்கிறது. என்விஆரில் 1440ஐ 60 ஆக்கினோம். ஆனால் கரண்ட் போனால் என்விஆர் 1970க்குப் போவது மட்டும் போகவில்லை.

வயர்மேன்:
அது செல் போய்விட்டது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பட்டன் செல் இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, சின்னப் பெட்டிகளில் சிஆர்1220. மேலே எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள், பருமன் மாறினால் உட்காராது. மல்டிமீட்டரில் புதுச் செல் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், உங்களுடையது 2.5க்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

என்விஆரை மெனுவிலிருந்து முறையாக ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும், ஹார்ட் டிஸ்க் ஓடும்போது பிடுங்கினால் அது வேறு செலவு. செல்லின் ஓரத்தில் இருக்கும் கிளிப்பை நகத்தால் தள்ளினால் துள்ளி வரும். பிளஸ் பக்கம் மேலே. சில போர்டுகளில் செல்லை ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள், அப்படி இருந்தால் பையனை விட்டு நோண்டச் சொல்லாதீர்கள், டிவி ரிப்பேர் கடைக்காரரே போதும்.

கீழத்தெரு:
சிஆர்2032தான், கிளிப் வகை. பழையது 1.1 காட்டியது. மாற்றிவிட்டு மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், என்விஆர் சரியான மணியோடு எழுந்தது, மூன்று கேமராவும் கூடவே. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கேட் கேமரா மட்டும் கரண்ட் வந்த முதல் சில நிமிடங்கள் 1970ல் (இப்போது 05:30!) ஓடிவிட்டு அப்புறம் சரியாகிறது. அதற்கும் செல் உண்டா?

வயர்மேன்:
அந்த மாதிரிச் சின்ன வைஃபை கேமராக்கள் பலவற்றில் செல்லே வைப்பதில்லை, நெட் வந்து சொன்னால்தான் மணி தெரியும். உங்கள் என்விஆரின் நெட்வொர்க் மெனுவில் 'என்டிபி சர்வர்' என்று ஒரு வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை ஆன் பண்ணி, கேட் கேமராவில் சர்வர் பெயருக்குப் பதில் என்விஆரின் ஐபியைப் போடுங்கள். அப்புறம் இன்டர்நெட் லைன் வரும்வரை அது காத்திருக்க வேண்டாம், ரவுட்டர் வைஃபை எழுந்தால் போதும். அந்த வசதி இல்லையென்றால் ரவுட்டர், ஃபைபர் பெட்டி, கேட் கேமரா மூன்றுக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ். வாங்கும் முன் மூன்று அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் படித்துக்கொள்ளுங்கள், கேமரா 5 வோல்ட்டாக இருந்தால் அதில் நேராகச் சொருகக் கூடாது.