பொருள்: உழவர் இயக்கக் கையேட்டுக்கு ஒரு கலைச்சொல் தேவை

அன்புள்ள குழுமத்தாருக்கு,
நூலகச் சொற்பொழிவு ஒன்றுக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தெபாகா (வங்காளம்), தெலங்கானா, கீழத்தஞ்சை, நக்சல்பாரி ஆகிய உழவர் போராட்டங்களை மூலக் கையேடு ‘ரேடிகல்’ (radical) இயக்கங்கள் என்கிறது. அகராதி ‘தீவிரவாத’ என்கிறது. ஆனால் சிங்கப்பூர் வாசகருக்கு அச்சொல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டவர்களையே நினைவூட்டும்.
– மொழிபெயர்ப்பாளர்

அன்பரே,
1907 சூரத் மாநாட்டில் காங்கிரஸ் பிளந்தபோது திலகர், வ.உ.சி., பாரதி யாவரும் தீவிரவாதிகளே; எதிரணியினர் மிதவாதிகள். நாளிதழ்கள் கெடுத்த சொல்லை நாமும் கைவிடுவதா? எனினும் ‘தீவிரம்’ வடசொல் என்பதால் எனக்கும் உவப்பில்லை. ‘ரேடிகல்’ என்பதன் லத்தீன் மூலம் ‘வேர்’ என்பதே. கணக்கில் அது மூலக்குறி (√) ஆனதும் அவ்வழிதான். ஆகவே ‘வேர்முதல் இயக்கம்’ என்க. ‘அடிமாற்றம்’ என்றும் கொள்ளலாம். ‘அடி’ வேரையும் குறிக்கும், கீழத்தஞ்சைப் பண்ணையாள், அதாவது நிலக்கிழாரின் பண்ணைக் கூலியாள், வாங்கிய சவுக்கடியையும் குறிக்கும்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா,
‘வேர்முதல்’ என்றால் என் மாணவர்கள் மூலிகை மருந்து என்று எண்ணுவார்கள். சொல்லைத் தேடுமுன் அவ்வியக்கங்கள் எதைக் கேட்டன என்று பார்க்க வேண்டும். தெபாகா இயக்கத்தில், 1946-இல் வங்காளத்து வாரக்குடிகள் (பிறர் நிலத்தைப் பங்குக்கு உழுதவர்கள்) விளைச்சலில் பாதிக்குப் பதிலாக மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டதோடு, அறுத்த கதிரை நிலக்கிழாரின் களத்துக்குக் கொண்டுபோகாமல் தம் களத்திலேயே அடுக்கினார்கள். எவர் களத்தில் கதிர்ப்போர் நிற்கிறதோ அவர் கையில்தான் அளக்கும் மரக்கால் இருக்கும் என்பதால், பங்கைவிட அதுவே பெரிய மீறல் என்பேன். தெலங்கானாவில் 1946 முதல் 1951 வரை நடந்த போராட்டமோ ‘வெட்டி’ எனும் கூலியில்லா உழைப்பை எதிர்த்துத் தொடங்கி, நிலத்தைப் பங்கிடுவது வரை சென்றது. கீழத்தஞ்சையில் முதற்கோரிக்கை சாணிப்பாலும் (சாணக் கரைசலைக் குடிக்கவைக்கும் தண்டனை) சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பதே. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னும், கூலி உயர்வு கேட்ட பகையில் 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். இவற்றுள் ஆட்சியைக் கைப்பற்றும் நோக்கம் எல்லாவற்றுக்கும் இல்லை. ஆதலால் ‘புரட்சி’ பொருந்தாது. உடைமை உறவின் அடித்தளத்தையே அசைத்தன என்பதால் ‘அடிமாற்ற உழவர் இயக்கங்கள்’ என்பதை ஏற்கிறேன்.
– வரலாறு கற்பிப்பவர்

‘வெட்டி’ சோழர் கல்வெட்டுகளிலேயே கட்டாய உழைப்பைக் குறிக்கும் வரிச்சொல்லாக வருகிறது. இன்று ‘வெட்டிவேலை’ பயனற்ற வேலையாகிவிட்டது. அது ‘விஷ்டி’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பாரை நான் ஒப்பவில்லை; விரிவாக மற்றொரு மடலில் எழுதுவேன்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, அம்மடல் வெள்ளிக்குப் பிறகு வரட்டும். நால்வர் ‘அடிமாற்ற’ என்பதற்கு இசைந்துள்ளனர், பிறர் மௌனம். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.
– மொழிபெயர்ப்பாளர்

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘அடிமாற்ற’ இருக்கட்டும், ‘உழவர்’ என்பதே எனக்கு இடறுகிறது. வெண்மணியில் இறந்தோர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். மலாயாவின் கெடா ரப்பர்த் தோட்டங்களில் 1940-களில் கள்ளுக்கடையை மறித்த தொண்டர் படையினர் பால்வெட்டுத் தொழிலாளர்கள். ஏர் பிடிக்காதவரை இத்தலைப்பு வெளியே நிறுத்துகிறது. அதற்கு மாற்றாக ‘நாட்டுப்புற’ என்றால் பாட்டும் கூத்தும் நினைவுக்கு வரும் என்பதையும் அறிவேன். ஆயினும் ‘உழவர்’ என்பதற்கு என் வாக்கு இல்லை.
– தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்