கடன், வட்டி, காப்பீடு: கேள்வி கேட்டதால் உங்களுக்கு என்ன கிடைத்தது?

வைகைக்கரை எழுதியது:

கடன் வாங்கப் போகிற இடத்தில் நம் ஆட்கள் வாயே திறப்பதில்லை. எதையாவது கேட்டால் லோன் நின்றுபோய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை மீறி நீங்களோ உங்கள் வீட்டாரோ கேள்வி கேட்டிருந்தால், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

மைத்துனனுக்கு பர்சனல் லோன் எடுக்கக் கூடப் போயிருந்தேன். மேசையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான், "12 பர்சென்ட்தான் சார், ஃபிளாட்" என்றான். அதாவது ஒரு லட்சம் வாங்கி ஒரு வருடத்தில் கட்டினால் 12,000 ரூபாய் வட்டி, மாதம் 9,333. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலும் சேர்ந்து திரும்பிப் போகிறது, வருடம் முழுக்க அந்த ஒரு லட்சம் நம் கையில் இல்லை. குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அதே கடன் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. இது தெரிந்ததால் "கே.எஃப்.எஸ். கொடுங்க தம்பி, வீட்டில் வைத்துப் படித்துவிட்டு வருகிறோம்" என்றேன். கடனின் முக்கிய விவரங்கள் எழுதிய தாள்தான் கே.எஃப்.எஸ். அவன் முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் எடுத்துக் கொடுத்தான்.

அந்தத் தாளைப் பற்றி எல்லோருக்கும் தெரிய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் எல்லாப் புதிய தவணைக் கடனுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பிராசஸிங் ஃபீஸ், காப்பீட்டு பிரீமியம் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பது ஏ.பி.ஆர். என்ற பெயரில் அதில் ஒரே எண்ணாக இருக்கும். வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், தமிழில் கேட்கலாம். யோசிக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் உண்டு (ஒரு வாரத்துக்கும் குறைவான கடனுக்கு ஒரு நாள்). அதில் எழுதாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. எங்களுக்கு வந்த தாளில் நாங்கள் கேட்காத ஒரு காப்பீடு கடன் தொகையோடு சேர்க்கப்பட்டிருந்தது. "இது கட்டாயம் என்றால் எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டோம். எழுத்தில் எதுவும் வரவில்லை, காப்பீடு மட்டும் அடுத்த தாளில் காணாமல் போயிருந்தது.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எங்கள் பெரியம்மாவின் நகைக் கதை. பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்தது. வட்டி கட்ட முடியாமல் தள்ளித் தள்ளி, கடைசியில் ஏலம் போய்விட்டது என்று போன் வந்தது. "முழுகிப்போச்சு, விடு" என்று வீட்டில் எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். ஊரில் காலங்காலமாக அப்படித்தான் நினைக்கிறார்கள், நகை முழுகினால் கணக்கும் அதோடு முடிந்தது என்று.

முடியவில்லை. ஏலத்தில் வந்த தொகையில் அசல், வட்டி, செலவு போக மிச்சம் இருந்தால் அது நகைக்காரருடைய பணம். நான் பெரியம்மா பெயரில் ஒரு கடிதம் எழுதி, ஏல அறிவிப்பு எந்த முகவரிக்குப் போனது, என்ன விலைக்குப் போனது, கடன் பாக்கி எவ்வளவு என்று கணக்கு கேட்டேன். கிளையில் வாங்க மறுத்தார்கள், அதனால் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். தங்கம் விலை ஏறியிருந்த நேரம் என்பதால் மிச்சம் கணிசமாகவே இருந்தது, பெரியம்மா கணக்கில் வந்து சேர்ந்தது. நகை போன துக்கம் தீரவில்லை என்றாலும் அந்தப் பணத்தில்தான் அடுத்த சில மாத மருந்து ஓடியது.

2026 ஏப்ரல் 1-ஐக் கெடுவாக வைத்து ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நகைக்கடன் விதிகள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. ஏல மிச்சத்தை 7 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். கடனை முழுக்க அடைத்த பிறகும் 7 வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தராவிட்டால், தாமதம் அவர்கள் பக்கம் என்றால், நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். எடை, தரம் பார்ப்பது நம் கண் முன்னால் நடக்க வேண்டும். அடகுச் சீட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள் அம்மா, அக்கா எல்லோரும்.

செங்கல்சூளை எழுதியது:

நகைக்கு மட்டும் இல்லை, வீட்டுப் பத்திரத்துக்கும் அதே 5,000 உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடன் முடிந்து 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, பதிவாகியிருக்கும் அடமானத்தையும் நீக்க வேண்டும். எனக்கு "பத்திரம் வேறு ஊர் குடோனில் இருக்கிறது, வரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டதும் குடோன் பக்கத்தில் வந்துவிட்டது. பத்திரம் கைக்கு வந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானமாக வைத்ததற்கான பதிவு) ரத்தாகி வில்லங்கச் சான்றில் அது ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் விற்கும்போது நிற்கும்.

இரவுப்பணி எழுதியது:

நான் சொல்வது கொஞ்சம் கோபத்தோடுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஏதோ ஒரு செயலியில் சின்னக் கடன் வாங்கியிருக்கிறான். தவணை தவறியதும் அவன் போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம், அவனுடைய பழைய டீச்சர் உட்பட, "இவன் திருடன்" என்று படத்தோடு செய்தி போயிற்று. ராத்திரி பதினொரு மணிக்கு அவன் அம்மாவுக்கு போன். பையன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை, நாங்கள் பயந்து போய் அறைக்குப் போய்ப் பார்த்தோம். உட்காரவைத்து முதலில் சொன்னது இதுதான்: கடன் பாக்கி இருப்பது குற்றம் இல்லை, அவர்கள் செய்ததுதான் விதிமீறல்.

வசூலுக்காக அழைப்பது காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூடாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, பொதுவில் அவமானப்படுத்துவது எதுவும் கூடாது. வங்கியோ நிதி நிறுவனமோ செயலி வழியாகக் கடன் கொடுத்தால் அந்தச் செயலி நம் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடவே கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பணம் நேராக நம் கணக்குக்கு வர வேண்டும். மனம் மாறினால் அபராதம் இல்லாமல், வைத்திருந்த நாளுக்கான வட்டியோடு அசலைத் திருப்பிக் கொடுத்து விலகவும் ஒரு அவகாசம் உண்டு.

அந்தச் செயலிக்குப் பின்னால் பதிவு பெற்ற நிறுவனமே இல்லை என்பது தேடியபோதுதான் தெரிந்தது. ஸ்கிரீன்ஷாட், அழைப்புப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து 1930-க்கு அழைத்து சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். அவன் தொடர்பில் இருந்தவர்களுக்கு நாங்களே நடந்ததைச் சொல்லிவிட்டோம், அதற்குப் பிறகு மிரட்ட அவர்களிடம் எதுவும் மிச்சம் இல்லை. இறக்குவதற்கு முன்னால், அந்தச் செயலி ரிசர்வ் வங்கியின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், 2025 ஜூலையிலிருந்து அந்தப் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.

தாழம்பூ எழுதியது:

கடன் இல்லை, வர வேண்டிய பணம் பற்றி. பக்கத்து வீட்டு அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார், வயது நாற்பத்தி சொச்சம். காரியம் எல்லாம் முடிந்து அக்கா பாஸ்புக்கைக் கொண்டுவந்து "இதில் எவ்வளவு இருக்கு பாரு" என்றார். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வரியில் 436 ரூபாய் பிடித்தம். அது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். அக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அண்ணனுக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான், கணக்கு தொடங்கும்போது கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

வங்கியில் முதலில் "அப்படி எதுவும் இல்லைம்மா" என்றார்கள். பிடித்தம் இருந்த பக்கத்தைக் காட்டியதும் படிவம் வந்தது. இறப்புச் சான்று, வாரிசுதாரரின் ஆதார், வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தோம், பணம் வந்தது. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, அதற்கும் 2 லட்சம், ஆனால் விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோதான். உங்கள் தெருவில் சாவு நடந்த வீட்டில் யாராவது ஒருவர் உரிமையோடு அந்தப் பாஸ்புக்கை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

ஓலைப்பாய் எழுதியது:

அடைத்து முடித்த பைக் லோன், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பாக்கி என்றே காட்டிக்கொண்டிருந்தது, அதனால் வீட்டுக்கடன் நிராகரிக்கப்பட்டது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இப்படி அறிக்கை தரும் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். திருத்தம் கேட்டு 30 நாள் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. என்.ஓ.சி. (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) கையில் இருந்ததால் எனக்குச் சீக்கிரம் திருத்திக் கொடுத்தார்கள்.

புதுவரவு எழுதியது:

தங்கைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், அப்பா மீட்டர் வட்டிக்காரரிடம் போகலாம் என்கிறார். வேறு வழி சொல்லுங்கள் அண்ணா, அக்கா. அப்புறம், எங்கள் வீட்டு நகை கூட்டுறவு சொசைட்டியில் இருக்கிறது, மேலே சொன்னதெல்லாம் அதற்கும் உண்டா?

வைகைக்கரை எழுதியது:

தம்பி, அப்பாவைக் கையைப் பிடித்து நிறுத்து. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாம் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டுத் தடுத்தவை. கல்விக்கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் எதுவும் கேட்கக் கூடாது, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பம் போடு, கிளையில் மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேள். அது வருவதற்குள் கட்ட வேண்டியிருந்தால், வீட்டில் எஃப்.டி. இருக்கிறதா, எல்.ஐ.சி. பாலிசி சரண்டர் மதிப்புக்கு வந்துவிட்டதா என்று பார். இரண்டின் மேலும் கடன் கிடைக்கும், பர்சனல் லோனை விட வட்டி பொதுவாகக் குறைவு.

சொசைட்டி நகைக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் வங்கிகள், பெரிய நிதி நிறுவனங்கள் போன்று ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருப்பவற்றைத்தான் விசாரிப்பார். அங்கே போக வேண்டுமானால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்க வேண்டும், 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ இணையத்தில் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், சந்தேகம் கேட்க 14448. உங்கள் சொசைட்டி தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்றால் அது ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக்குள் வராது, கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளர் அலுவலகத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். ரசீது எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல், மனுவை நானே எழுதித் தருகிறேன்.